பெருநிழல், சிறுநிழல்

இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருந்தது. செண்பகவடிவு வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள், மூடியே வைத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் திறந்தால் உள்ளே என்ன போகும், வெளியே என்ன வரும் என்று அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை இல்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடந்தது. அதில் ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் எச்சில் துப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. அறுபத்தோரு வயதில் முதல்முறையாக விமானம் ஏறி, தென்காசியிலிருந்து கொரியாவின் இந்தத் தேஜான் நகரம் வரைக்கும் வந்தது எச்சில் துப்பவா என்று காலையில் பேருந்தில்கூட மகளைக் கேலி பண்ணிக்கொண்டுதான் வந்தாள். அந்தக் கேலியெல்லாம் எதற்கு எச்சில் என்று தெரிகிற வரைக்கும். தெரிந்த பிறகு நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. முதல் அரைமணி நேரத்தை அவளே பாழாக்கினாள். துப்புவதற்கு முன்னால் அரைமணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு, எழுந்து போய், மூலையில் நின்ற தண்ணீர் மெஷினில் காகிதக் கப்பைப் பிடித்து மடமடவென்று இரண்டு கப் குடித்தாள். மகள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்மா, சொன்னேனா இல்லையா?" "மறந்துட்டேன்ட்டி." "சரி, இன்னொரு அரைமணி நேரம் இரு. எந்திரிக்காத." கைபேசியில் மணி வைத்து மேஜைமேல் சாய்த்துவிட்டுப் போனாள். மறக்கவெல்லாம் இல்லை, தெரிந்தேதான் குடித்தாள். உலகேஸ்வரி, வீட்டில் உலகு, இருபத்தொன்பது வயது, இந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி, வடிவின் ஒரே மகள். அவள் வடிவின் வயிற்றில் பிறந்தவள் இல்லை. அது உலகுவுக்குத் தெரியாது.

ஆராய்ச்சி இதுதான். கொரிய வைத்தியத்தில் மனிதர்கள் நாலு தினுசு. அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று வடிவு முகத்தைச் சுளித்ததால் உலகுவே தமிழில் பெயர் வைத்துக் கொடுத்திருந்தாள்: பெருவெயில், சிறுவெயில், பெருநிழல், சிறுநிழல். பெருவெயில் ஆட்களுக்கு நுரையீரல் வலுவு, கல்லீரல் நோஞ்சான். பெருநிழல் அதற்கு நேர்மாறு. சிறுவெயில் சூடான உடம்பு, படபடப்பு. சிறுநிழலுக்குக் கையும் காலும் சில்லிட்டுக் கிடக்கும், வயிறு எதற்கெடுத்தாலும் மக்கர் பண்ணும். ஒருவருக்கு மருந்தாகிற இஞ்சி வேர் இன்னொருவருக்கு ஆகாது, அதனால் மருந்தைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்க வேண்டுமாம். "இது நம்மூர் வாதம் பித்தம் கபம்தானட்டி? கையப் பிடிச்சுப் பாத்துச் சொல்லுவாங்களே." "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா வாதம் பித்தம் கூடும், குறையும்லா? இது கூடாது குறையாது. பொறக்கும்போது என்னவோ கடைசி வரைக்கும் அதேதான். பொறப்புலயே உள்ளதுன்னா ஜீன்ல இருக்கணும்லா, அதத்தான் நாங்க பாக்கோம்." மனிதர்கள் எல்லோருக்கும் ஜீன் முக்காலே மூணுவீசம் ஒன்றுதானாம், அங்கங்கே ஒரு சின்ன வித்தியாசம் இருக்குமாம், அந்த வித்தியாசம் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருமாம். கொரியாக்காரர்களிடம் இதையெல்லாம் நிறையப் பார்த்தாயிற்று, நம் ஆட்களிடம் யாரும் பார்க்கவில்லை என்று தன் கைடிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, இந்த நாட்டில் படிக்கிற, வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பங்களாகத் தேடிப் பிடித்து முப்பத்தொன்பது சேர்த்திருந்தாள். "நாப்பதாவது நாம." அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து வடிவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பேருந்திலிருந்து இறங்கும்போது, குடையை விரித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக உலகு சொன்னாள்: "எச்சிலக் குடுத்ததும் மெஷின் மொத வேலையா ரெண்டு பேரும் நெசமாவே அம்மா பொண்ணுதானான்னு பாத்துரும். குழாய் கிழாய் மாறிப்போச்சுன்னா தெரியணும்லா. ஒத்து வரலன்னா தூக்கி வெளிய போட்டுரும்." படியில் காலை வைத்த வடிவு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இறங்கியவர் அவள்மேல் மோதினார், மோதிவிட்டு அவரே குனிந்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

இருபத்துமூன்று நிமிஷம். எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் உலகு ஒரு கொரியக் கிழவரின் நெற்றியை, கழுத்தை, மார்பை, இடுப்பை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தாள். தையல்காரி மாதிரி இருக்கிறாள் என்று நினைத்தாள் வடிவு, நினைத்ததும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, இந்தப் பிள்ளைக்கு ஒரு பித்தான் தைக்கத் தெரியாது. கிழவர் ஏதோ சொல்ல உலகு வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். வாயைப் பொத்திச் சிரிக்கிறது இந்த ஊரில் வந்து கற்றது. தென்காசியில் சிரித்தால் எதிர்வீடு வரைக்கும் கேட்கும். கையில் கேள்வித்தாள் இருந்தது, உலகுவே தமிழாக்கியது, எழுத்து எழுத்தாக ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனாலும் தமிழ் மாதிரி இல்லை. நன்றாக வியர்த்த பிறகு நீங்கள் சுகமாக உணர்கிறீர்களா, களைப்பாக உணர்கிறீர்களா? சுகமாக. வியர்க்கவில்லை என்றால்தான் வடிவுக்குச் சீக்கு வந்த மாதிரி. உங்கள் கைகளும் பாதங்களும் சூடாக இருக்குமா, குளிர்ச்சியாக இருக்குமா? சூடு. மார்கழியில் வெறுந்தரையில் படுப்பவள், இங்கே கூட ஹீட்டரை அணைக்கச் சொல்லி மகளோடு சண்டை. உலகுவின் கைதான் ஐஸ். பிறந்ததிலிருந்தே ஐஸ். இல்லை, பிறந்ததிலிருந்து என்று எப்படிச் சொல்வது, பதினேழாம் நாளிலிருந்து. முதல் பதினாறு நாள் அந்தக் கை எப்படி இருந்தது என்று வடிவுக்குத் தெரியாது. அந்தப் பதினாறு நாள் எங்கே போயிற்று? அதை யாரிடம் கேட்பது? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது இரண்டு உள்ளங்கையிலும் ஊதித் தேய்த்துவிட்டு அனுப்புவாள், சுள்ளென்று வெயில் காய்கிற ஊரில் பிள்ளைக்குச் சாக்ஸ் மாட்டுகிற ஒரே அம்மா என்று மற்ற அம்மாக்கள் சிரிப்பார்கள். டாக்டரிடம் காட்டினாள், ரத்தம் குறைவு என்றார், முருங்கைக்கீரை கொடுத்தாள், ஈரல் கொடுத்தாள், பேரீச்சம்பழம் கொடுத்தாள், கை ஐஸாகவே இருந்தது. இப்போது இந்த நாட்டில் வந்து பார்த்தால் அது நோய் இல்லையாம், சிறுநிழலாம், அந்தப் பிள்ளை அப்படித்தானாம். வடிவு பெருநிழலாம், இங்கேயுள்ள வைத்தியர் முகத்தைப் பார்த்ததுமே பாதி சொல்லிவிட்டார். யாரோ ஒரு சிறுநிழல்காரி, கை சில்லிட்டுப்போன ஒருத்தி, எங்கேயோ இருக்கிறாள், இல்லை போய்விட்டாள். அவளை நினைத்தால் வடிவுக்குக் கோபம் வரவேண்டும், வருவதில்லை, அவளுக்கு யாராவது உள்ளங்கையில் ஊதித் தேய்த்துவிட்டார்களா என்றுதான் தோன்றும்.

சாடை கண்டுபிடிப்பதில் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற சாமர்த்தியத்தை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். மூக்கு அப்படியே நயினார் மூக்கு என்றாள் ஒருத்தி. ஆறுமுகநயினார், வடிவின் வீட்டுக்காரர், தபால் ஆபீசில் இருந்தவர், அந்த மூக்கைத் தடவிக்கொண்டு ஆமா ஆமா என்றார். நெற்றி வடிவு நெற்றி என்றார்கள். யாரும் கேட்காமலே சாடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். வடிவுக்கு இரண்டு முறை கலைந்து, இனிமேல் தங்காது என்று டாக்டர் சொன்ன வருஷம், நயினார் மாற்றல் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனார், அவளும் தொலைபேசி நிலையத்தில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனாள், திரும்பித் தென்காசிக்கு வந்தபோது கையில் எட்டு மாசக் குழந்தை. கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்கள் கேட்கவில்லை. இது இரண்டே பேருக்குத்தான் தெரியும், நயினாருக்கும் அவளுக்கும், நயினார் கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிறது, ஆக இப்போது அவள் ஒருத்திக்குத்தான். சொல்லிவிடலாம் வடிவு, என்று அவர் மூன்று முறை சொன்னார். பிள்ளைக்குப் பத்து வயதானபோது, பதினெட்டு வயதானபோது, கொரியாவுக்கு விமானம் ஏறிய அன்றைக்கு. பத்து வயதில் சின்னப் பிள்ளை என்றாள், பதினெட்டில் பரீட்சை இருக்கு என்றாள், விமான நிலையத்தில் இப்பவா சொல்லுவாக என்றாள். அவரும் விட்டுவிட்டார். அவள் கையில் இருந்த தாளில் கேள்வி இப்படி இருந்தது: ஒரு முடிவெடுக்கும்போது நீங்கள் விரைவாக எடுப்பீர்களா, நீண்ட நேரம் தயங்குவீர்களா? வடிவு பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரத்தை நீண்ட நேரம் என்கிறார்கள் என்று போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

பதினாறு நிமிஷம். ஒன்றா இரண்டா அவள் சொன்ன பொய். ஒன்பது வயதில் உலகு கேட்டாள், நான் ஒன் வயித்துல எந்தப் பக்கம் இருந்தேன்? இடது பக்கம், என்று யோசிக்காமல் சொன்னாள். யோசித்திருந்தால் நடு என்றாவது சொல்லியிருப்பாள். உதைச்சேனா? உதைச்சே. ஒனக்கு என்ன திங்கணும்போல இருந்துச்சு? அதற்குத்தான் மாங்காய், புளி என்று எல்லோரும் சொல்கிறதைச் சொல்லியிருக்கலாம், நாக்கில் என்ன சனியன் உட்கார்ந்திருந்ததோ, சுட்ட அப்பளம் என்றுவிட்டாள். அந்தப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது. எங்கம்மா மாசமா இருக்கும்போது சுட்ட அப்பளமா தின்னா, அதான் எனக்கு அப்பளம்னா உயிர் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லும். இங்கே வந்தும் சொல்லியிருக்கிறது, போன வாரம் வீட்டுக்கு வந்த கொரியச் சிநேகிதிகளுக்கு வடிவு அப்பளம் சுட்டுக் கொடுத்தபோது அதுகள் வயிற்றைக் காட்டி, அப்பளத்தைக் காட்டி, இவளைப் பார்த்துச் சிரித்ததுகள். வடிவும் சிரித்தாள். என்ன வேஷம் இது! ஆனால் எல்லாமே வேஷம் என்று சொன்னால் அதுவும் பொய்தான். காய்ச்சல் வந்தால் நெஞ்சுமேல் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்ததில் வேஷம் எங்கே இருக்கிறது? முதல் பல் விழுந்தபோது பிள்ளையின் வாயைப் பிளந்து பார்த்துப் பார்த்து அழுதாளே, அது? இதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை குனிந்து ஏதோ எழுதுகிறது, எழுதும்போது நாக்கு நுனியைக் கடைவாயில் வைத்துக்கொள்கிறது, அதைப் பார்த்தாலே வடிவின் மார்புக்குள் ஏதோ இளகுகிறதே, அது எந்த மெஷினில் தெரியும்? தெரியாது. மெஷினுக்கு எச்சில்தான் தெரியும். ஒத்து வரலன்னா தூக்கி வெளிய போட்டுரும். தூக்கி வெளியே. வடிவு கைப்பையைத் திறந்து பார்த்தாள். இஞ்சி மிட்டாய் நாலு கிடந்தது. ஒன்றை வாயில் போட்டால் இன்னொரு அரைமணி. நாலையும் ஒவ்வொன்றாகப் போட்டால் இரண்டு மணி நேரம், ஆய்வகம் பூட்டுகிற நேரம் வந்துவிடும். அப்புறம் நாளைக்கு. நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம், நாளை மறுநாள் விமானம். மிட்டாயின் காகிதத்தைப் பிரித்தாள். சரசரவென்று அது போட்ட சத்தத்தில் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

காலையில் குரலை வேறு பதிவு செய்தார்கள். ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்று நீட்டச் சொன்னார்கள், குரலை வைத்தும் தினுசு பார்ப்பார்களாம். வடிவு ஆ என்றதும் மெஷின் பக்கத்தில் இருந்த தாவுன், நாற்பது வயதுக்காரி, குனிந்து குனிந்து வணக்கம் சொல்கிறவள், நிமிர்ந்து உலகுவைப் பார்த்து ஏதோ சொன்னாள். "ஒன் குரலும் என் குரலும் ஒண்ணு போல இருக்காம்" என்று உலகு பூரித்துப்போனாள். இருக்காதா பின்னே. பேசக் கற்றுக்கொடுத்தவள் யார்? வருஷக்கணக்கில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிரங்க் கால் டிரங்க் கால், தென்காசி பேசுதேன், லைன்ல இருங்க என்று சொல்லிச் சொல்லிப் பதமான குரல் அது. வீட்டில் போனை உலகு எடுத்தால் நயினாரே ஏமாந்து வடிவு என்பார். தொலைபேசி நிலையத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது. யார் யாருக்குக் கடன்பட்டார், யார் யாரோடு போனார், எந்த வீட்டில் சாவு, எல்லாம் அவளுக்கு முதலில் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தப் பழக்கம்தான் இதையும் கட்டிக்காத்தது என்று நினைத்துக்கொண்டாள், நினைத்ததும் பம்பாய் கால் ஞாபகத்துக்கு வந்தது. எதற்கு இப்போது அது? ஆனால் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் பம்பாயிலிருந்து கால், அங்கே வேலைக்குப் போன ஒருத்தன் ரயிலில் அடிபட்டுப் போய்விட்டான், அண்ணன்காரன் பேசுகிறான். செத்தவன் வீட்டில் போன் இல்லை. எதிர்த்த ரேஷன் கடையில்தான் போன். கடைக்காரனிடம், அவன் பொண்டாட்டியக் கூப்பிடுங்க, நானே சொல்லணும், என்று அண்ணன் கெஞ்சினான். கடைக்காரன் என்னவாம் என்னவாம் என்று பிடுங்கி எடுத்து விஷயத்தை வாங்கிக்கொண்டான். வாங்கியதும் போனைக் கையில் வைத்தபடியே தெருவைப் பார்த்துக் கத்தினான், ஏ பொம்பள, ஒன் மாப்பிள்ள போயிட்டானாம். அந்தப் பெண் போட்ட சத்தம் வயர் வழியாக வடிவின் காதுக்குள் வந்தது. அண்ணன் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று அழுதுகொண்டிருந்தான். சாவு ஒன்றுதான். ஆனால் அது அந்த அண்ணன் வாயால் வந்திருந்தால் அந்தப் பெண் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள் என்று வடிவுக்கு எப்போதும் தோன்றும். வாரக்கணக்கில் சோறு இறங்கவில்லை. இப்போது இந்த எச்சில் போகும், நாலு நாள் கழித்து, தான் தென்காசிக்குத் திரும்பிய பிறகு, இந்தப் பிள்ளை தனியாக ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும், நாக்கைக் கடைவாயில் வைத்துக்கொண்டு, அதில் ஒத்து வரவில்லை என்று ஒரு வரி வரும். முதலில் குழாய் மாறிவிட்டது என்று நினைக்கும். திரும்பப் போட்டுப் பார்க்கும். மூன்றாவது தடவைதான் புரியும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மிட்டாய் சாப்பிட்டுத் தப்பித்துக்கொண்டு ஊருக்குப் போனாலும் இன்னொரு நாள் இன்னொரு மெஷின் வரும், அதற்குத்தானே இந்தப் பிள்ளை படித்திருக்கிறது. வடிவு பிரித்த மிட்டாயைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினாள். சரியாகச் சுற்ற வரவில்லை. பயமாக இருந்தது, சும்மா சொல்லக் கூடாது, கலைந்த இரண்டு தடவைகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

ஆறு நிமிஷம் இருக்கும்போது உலகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஃபாரம் முடிஞ்சுதாம்மா? இங்க காட்டு. இது என்ன, ஒரு கேள்விய விட்டுட்டே?"

"உலகு, கதவச் சாத்து."

"ஏன், குளிருதா? ஒனக்கா?"

"சாத்துட்டி."

சாத்தினாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வடிவு அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள், வழக்கம்போல ஐஸ். முன்னுரை ஒன்று தயார் பண்ணியிருந்தாள், அது எங்கேயோ போய்விட்டது.

"இந்த எச்சில் ஒத்து வராதுட்டி."

"மறுபடியும் தண்ணி குடிச்சியா? அம்மா!"

"குடிக்கல. நான் ஒன்னப் பெக்கல, உலகு."

உலகு முதலில் பார்த்தது வடிவின் முகத்தை இல்லை, மடியில் கிடந்த குழாயை. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டா என்று தேடிப் பார்த்தாள், வடிவுக்கு அது தெரிந்தது, விளையாட்டாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளும்தான் நினைத்தாள்.

"யாரு பெத்தா? அத்தையா?"

"நம்ம ஆள் யாரும் இல்ல. யாருன்னு எங்களுக்கும் தெரியாது, சொல்லவும் மாட்டேன்னுட்டாங்க. நாகர்கோவில் பக்கத்துல அனாதைப் பிள்ளைங்க இல்லம் ஒண்ணு. நீ பதினேழு நாள் பிள்ள."

"அப்பாவுக்குத் தெரியும்?"

"அப்பாதான ஃபாரம் பூரா எழுதினாக. ஒன்கிட்ட சொல்லணும்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாக. நாந்தான் விடல."

உலகு கையை உருவவில்லை, ஆனால் கை கட்டை மாதிரி கிடந்தது. "சுட்ட அப்பளம்?" என்றாள்.

"பொய்தான்."

"இடது பக்கம்?"

"அதுவும்."

"ஏம்மா..." அதற்குமேல் வரவில்லை. பிறகு வந்தபோது மொத்தமாக வந்தது. "இருபத்தொம்பது வருஷம்! எந்த டாக்டர்கிட்ட போனாலும் அம்மாவுக்கு சர்க்கரை, அம்மாவப் பெத்த ஆச்சிக்கும் சர்க்கரைன்னு எழுதிக் குடுத்துட்டு இருக்கேன். நம்ம ரத்தத்துலயே இருக்குன்னு பத்து வருஷமா காப்பியில சீனி போடாமக் குடிக்கேன். நீயும் பாத்துட்டு சும்மா இருந்திருக்க!" வடிவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், நிஜமான அடி, வலித்தது. அடித்த கையாலேயே அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாயைப் பொத்தவில்லை, தென்காசியில் அழுகிற மாதிரியே அழுதாள். வடிவு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், என் ராசாத்தி, என் தங்கம் என்று என்னென்னவோ சொன்னாள், மன்னிச்சிரு என்று சொல்ல வாய் வரவில்லை, அதைச் சொன்னால் வேற்று ஆளிடம் சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

"அழுதேனா, எடுத்துட்டு வரும்போது?" என்றாள் உலகு, தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு.

"இல்ல. நீ நல்லா ஒறங்கிட்டே வந்தே. நாந்தான் அழுதேன். நாகர்கோவில்ல ஆரம்பிச்சு மதுர வரைக்கும் அழுதேன். பஸ்ஸுல எல்லாரும் பாக்காங்க வடிவு, புள்ளையக் கடத்திட்டுப் போறோம்னு நெனைக்கப் போறாங்கன்னு அப்பா பயந்துட்டாக."

கைபேசி மணி அடித்தது. அரைமணி நேரம் முடிந்திருந்தது. அவள் அதை நிறுத்தினாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வடிவின் மடியிலிருந்த குழாயையும் கேள்வித்தாளையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று வடிவுக்கு இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாவுனிடம் அவள் பேசுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தாவுன் ஏதோ கேட்டாள். உலகு சொன்னாள், சின்ன வாக்கியம்தான், நாலைந்து சொல் இருக்கும். தாவுன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வடிவின் பக்கம் திரும்பி, இதுவரைக்கும் குனிந்ததையெல்லாம்விடக் கீழே குனிந்தாள். வடிவு எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்று கும்பிட்டாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான், முடிந்தது, தூக்கி வெளியே போட்டாயிற்று என்று நினைத்தாள். உலகு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"என்னட்டி சொன்னே அவகிட்ட?"

"ஜோடியா சேக்க வேண்டாம், நாப்பதாவது குடும்பம் வேற பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்."

"ஏன்னு கேட்டாளா?"

"கேட்டா. எங்கம்மா என்னப் பெக்கலன்னு சொன்னேன்."

இருபத்தொன்பது வருஷமாக வடிவு அந்த வாக்கியத்தை மனசுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறாள், குளிக்கும்போது, சாமி கும்பிடும்போது, பக்கத்தில் அந்தப் பிள்ளை தூங்கும்போது. எப்படி வைத்தாலும் அதற்குள்ளிருந்து அம்மா என்கிற சொல் கழன்று விழுந்துவிடும், அது ஒன்றுக்குத்தான் அவள் இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை. இவள் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், முதல் சொல்லாக அந்த அம்மாவை வைத்தே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள் வடிவு.

"எதம்மா?"

"அவகிட்ட சொன்னத. அந்தப் பாஷையிலேயே சொல்லு."

உலகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபமும் ஆறாத முகத்தோடு, சொன்னாள். வடிவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. முடிகிற வரைக்கும் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.